நகர்புள்ளி முயல்

நம் அரசாங்கத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஊரில் எது இல்லையோ அதற்கு முதலில் ஓர் அலுவலகம் திறந்துவிடும். திறந்தபின் அந்தப் பொருள் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இப்படித்தான் அறுபத்தொன்பதாம் வருஷம் காரைக்குடியில் அயல்முயல் அபிவிருத்தி வாரியத்தின் மண்டல அலுவலகம் உதயமாயிற்று. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் முயல் இல்லையே என்று அழுததாக எனக்கு நினைவில்லை.

காரணம் கேட்டால் சொல்கிறேன். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி டிராக்டர் பார்த்துவர ஜெர்மனிக்குப் போனார். போய்ச் சேர்ந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. டிராக்டர் கொட்டகை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கொட்டகையில் முயல் கண்காட்சி. குளிருக்கு ஒதுங்கலாம் என்று உள்ளே போனவர் அங்கே ஒரு முயலைப் பார்த்து அசந்து நின்றுவிட்டார். வெள்ளை வெளேரென்ற உடம்பு. மூக்கின்மேல் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்து உட்கார்ந்தது போல ஒரு கறுப்பு. கண்ணைச் சுற்றி வளையம். கன்னத்துக்கு ஒரு புள்ளி. காது இரண்டும் கறுப்பு. கழுத்திலிருந்து வால்வரை முதுகில் ஒரே கோடு, விலாவில் சிதறினாற்போல் புள்ளிகள். அந்த நாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து சேர்த்து உண்டாக்கிய அழகு. நம் அதிகாரி டிராக்டரை மறந்தார். ஊர் திரும்பியதும் வாரியம் ஒன்று பிறந்தது, அவரே அதற்கு இயக்குநரானார்.

மண்டல அலுவலகத்துக்காகக் காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு. முதலில் பெயர்ப்பலகை வந்தது. பிறகு ஜீப் வந்தது. பிறகு பீரோ, நாற்காலி, தட்டச்சுப் பெண், டவாலி போட்ட டபேதார் பெத்தன் எல்லாம் வந்தார்கள். சமையலுக்கு இருளாண்டி என்று ஒருவரையும் வைத்தார்கள். ஆயிரம் பேருக்குச் சமைக்கிற ஆக்குப்பறையைச் சும்மா போட்டு வைத்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்று பயம். இவ்வளவும் வந்தபிறகு ஜெர்மனியிலிருந்து மாதிரிப் படம் வந்தது. எந்தப் புள்ளி எங்கே இருக்கவேண்டும் என்று அளவோடு வரைந்து, கண்ணாடி போட்ட படம். அதை நடுக்கூடத்துத் தேக்குத் தூணில் மாட்டினார்கள். ஆயுத பூஜைக்குப் பெத்தன் படத்துக்குச் சந்தனம் தெளித்ததில் ஒரு துளி முயலின் தொடைமேல் விழுந்து காய்ந்துவிட்டது. அதுமுதல் தொடையில் ஒரு புள்ளியும் இலக்கணத்தில் சேர்ந்தது. அரசாங்கப் படத்தைத் துடைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

முயல் மட்டும் கடைசியாக வந்தது. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் மாயக்கண்ணன் உள்ளே நுழைந்தார். கண்டரமாணிக்கத்துப் பக்கம் ஒரு சிற்றூரில் கடலை போடுகிற சம்சாரி. உழவு மாட்டுக்கு வாயில் புண் என்று மருந்து தேடி வந்தவர், கால்நடை ஆஸ்பத்திரி இதுதான் என்று நினைத்துவிட்டார். மார்ச் மாதம் வேறு. மாதம் முடிவதற்குள் ஒரு பயனாளியையாவது பிடிக்காவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும் என்று வாரியமே கலங்கிக் கிடந்தது. தேடிப்போன மருந்து காலில் சிக்கியது என்று மண்டல ஆய்வாளர் மீனாட்சிசுந்தரம் எழுந்தே நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்றதை அந்த அலுவலகம் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஐயா, மாட்டுக்கு வாய்ப்புண்ணுங்க. மருந்து கேக்க வந்தேன்" என்றார் மாயக்கண்ணன்.

"மாடு அடுத்த கட்டடம். நீர் எந்தக் கட்டடத்தில் நிற்கிறீர்?"

"இந்தக் கட்டடத்துலங்கய்யா."

"அப்படியானால் முயல் வேண்டித்தான் வந்திருக்கிறீர். வீட்டில் கூண்டு வைக்க இடம் உண்டா?"

"மாட்டுக் கொட்டத்துல கொஞ்சம் இருக்குங்க. ஆனா நான் வந்தது..."

"இடம் இருக்கிறது என்று பயனாளியே ஒப்புக்கொள்கிறார். எழுதிக்கொள்ளம்மா."

வழங்கும் விழாவுக்கு மேடை போட்டார்கள். மாலை போட்டார்கள். மாயக்கண்ணனுக்கு ஒன்று, முயல்களுக்குத் தலைக்கு ஒன்று. முயல்கள் மாலையைத் தின்றன. ஆய்வாளர் மீனாட்சிசுந்தரம் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"பெரியோர்களே. முயல் என்றால் என்ன? புள்ளி. புள்ளி இருந்தால் முயல். இல்லாவிட்டால் அது இறைச்சி. இதை நாம் மறக்கக்கூடாது. வாரியம் தொடங்கி ஓராண்டு ஆகிறது. இந்த ஓராண்டில் எங்கள் பொறுப்பில் ஒரு முயல்கூடச் சாகவில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். முயல் நேற்றுத்தான் வந்தது என்று சிலர் குறை சொல்லலாம். குறை சொல்கிறவர்கள் ஜீப்பைப் பார்க்கட்டும். ஒரு கீறல் உண்டா? இப்படிப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் முயலையும் பாதுகாப்பார்கள். பயனாளிக்கு ஒரு வார்த்தை. பிறக்கிற குட்டிகளில் மாதிரிப் படத்துக்குப் பொருந்துவது உமக்கு. பொருந்தாதது கழிப்பு. கழிப்பை வாரியம் எடுத்துக்கொண்டு மேல்நடவடிக்கை எடுக்கும்."

மாயக்கண்ணன் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றதும் அவர் மனைவி சோணையம்மாள் வெளியே வந்தாள். கழுத்தில் மாலையோடும் கையில் கூண்டோடும் இறங்கின கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாட்டுக்கு மருந்து வாங்கப் போனீக. இது என்னங்க?"

"கவர்மெண்டு."

"இதைக் காட்டுனா மாட்டு வாய்ப்புண்ணு ஆறிப்போயிருமா?"

"கேக்கத்தான் நெனச்சேன். அதுக்குள்ள மேடையில ஏத்திப்புட்டாக."

சோணையம்மாள் மாட்டு வாய்க்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினாள். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து அனுப்பியபிறகு வெறிச்சென்று கிடந்த வீடு. முயல் வந்தபிறகு அவளுக்குப் பேச்சுத்துணை ஆயிற்று. கடலைக்கொடி போடுவதும், கூண்டைக் கூட்டுவதும், தெருவில் போகிற நாய்களை வைவதுமாகப் பொழுது போயிற்று. ஒரு நாள் பெண் முயல் தன் வயிற்று மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டி, குட்டி போட்டது. பன்னிரண்டு நாளில் கண் திறந்தன. மயிர் வந்தபிறகு பார்த்தால் பாதிக் குட்டிகள் தாயைப் போலப் புள்ளியோடு இருந்தன. நாலு குட்டி அண்டங்காக்காய்க் கறுப்பு. ஒன்று மட்டும் காதோரத்தில் இலேசாகக் கறுத்து, மற்றபடி பால் வெள்ளை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த முயலின் குணமே அதுதான். புள்ளியும் புள்ளியும் சேர்ந்தால் ஏறத்தாழப் பாதிதான் புள்ளி விழும். மிச்சத்தில் பாதி முழுக் கறுப்பு, பாதி கிட்டத்தட்ட வெள்ளை. அந்த வெள்ளைகளுக்கு வயிறும் கொஞ்சம் மட்டம். ஜெர்மனியில் முயல் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் வாரியத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும், தெரியாதவர் ஆய்வாளராக இருக்கமுடியாது.

மீனாட்சிசுந்தரம் தணிக்கைக்கு வந்தார். முன்னால் பெத்தன் மாதிரிப் படத்தைத் தலைமேல் சுமந்துவர, பின்னால் அவர் காம்பஸும் அடிக்கோலும் ஏந்தி வந்தார். படத்தைச் சுவரில் சாய்த்து, எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். பிறகு ஒவ்வொரு குட்டியாகப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்து அளந்தார்கள். புள்ளிக் குட்டிகளைத் தொடைப் புள்ளி இல்லை என்று கடிந்துவிட்டு விட்டுவிட்டார்கள். கறுப்புக் குட்டிகளைப் பார்த்ததும் ஆய்வாளர் முகம் மலர்ந்தது.

"இவை நாலும் கழிப்பு. பெத்தா, கூடையைக் கொண்டு வா."

"ஐயா, கருப்பா இருந்தாலும் நல்லாத்தான் துள்ளுதுக" என்றார் மாயக்கண்ணன்.

"நீர் பயனாளி. பயனாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். தாமாகப் பேசக்கூடாது."

"எங்க கொண்டு போறீக?"

"மேல்நடவடிக்கைக்கு."

வெள்ளைக் குட்டியை ஆய்வாளர் கையில் தூக்கித் தடவினார். முதுகைப் பிடித்துப் பார்த்தார். தொடையைப் பிடித்துப் பார்த்தார். "இதில் ஒன்றுமே இல்லை. இதுவும் கழிப்புத்தான். ஆனால் இப்போது எடுத்து என்ன பயன்? கொஞ்சம் வளரட்டும். என்ன வாகு, என்ன வெள்ளை" என்று சொல்லி, எச்சிலை விழுங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சந்தைக்குப் போன மாயக்கண்ணன், கறுப்புக் குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க அலுவலகத்தின் பின்வாசல் பக்கம் போனார். ஆக்குப்பறையில் இருளாண்டி அம்மி கழுவிக்கொண்டிருந்தார். அவர் மாயக்கண்ணனுக்கு ஒருவகையில் மச்சான் முறை.

"மச்சான், நேத்து நாலு கருப்புக் குட்டி வந்துச்சே, எங்குட்டு இருக்கு?"

இருளாண்டி அம்மியைக் காட்டினார். "மேல்நடவடிக்கை முடிஞ்சுபோச்சு மாப்பிள்ளை. மிளகும் பூண்டும் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொன்னாக."

மாயக்கண்ணன் பஸ்ஸேறி வந்து மனைவியிடம் சொன்னார். சோணையம்மாள் அன்று உலை வைக்கவில்லை. வெள்ளைக் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, "பாவி மக்கா, பாவி மக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அழுதாள். சாயங்காலம் பார்த்தால் வெள்ளைக்கு வயிறு கழிகிறது, தீனி எடுக்கவில்லை. அவளுக்குக் காரணம் சட்டென்று விளங்கிவிட்டது.

"அந்த ஆளு கண்ணு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாக. பாத்த பார்வையே உரிச்சுத் திங்கிற பார்வை."

உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை என்றாள். பிறகு விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்து, வெள்ளைக் குட்டியின் இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். நம் வீட்டுக் குழந்தைக்கு வைக்கிற அதே பொட்டு, அதே இடம். குட்டிக்கு நாலு நாளில் வயிறு சரியாயிற்று. கண்ணேறு கழிந்ததா, வெறும் வைக்கோல் தின்றதில் சரியானதா என்பதைப் படித்தவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். அவள் பொட்டை நிறுத்தவில்லை. முயல் ஓயாமல் முகம் கழுவுகிற ஜாதி. காலையில் வைத்த பொட்டு ராத்திரிக்குள் போய்விடும். மறுநாள் எந்தக் கன்னம் கைக்கு வாகாக வருகிறதோ அதில் வைப்பாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் கூடையோடும் தட்டச்சுப் பெண்ணோடும் ஜீப் வந்தது. பெத்தன் வெள்ளையைத் தூக்கினான். தூக்கினவன் அப்படியே நின்றான்.

"ஐயா, இதுக்குப் புள்ளி வந்திருக்கு."

மீனாட்சிசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இடது கன்னத்தில் வட்டமாக, கரேலென்று ஒரு புள்ளி. மாதிரிப் படத்தில் கன்னப் புள்ளி எங்கே இருக்கிறதோ அதே இடம். காம்பஸ் வைத்துப் பார்த்தார். அளவு பிசகவில்லை. அவர் முகம் வாடிப்போயிற்று. காலையில் மிளகு அரைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"ஐயா, அது வந்து..." என்று மாயக்கண்ணன் ஆரம்பித்தார். பொய் அவருக்குப் பழக்கம் இல்லை.

"நான் கேட்டேனா?"

"இல்லைங்க."

"கேட்கும்போது சொல்லும். ஒரு புள்ளி இருந்தாலும் மேலிடத்தைக் கேட்காமல் கழிக்கக்கூடாது என்பது விதி. எழுதிக்கொள்ளம்மா. இடது கன்னத்தில் பிறவிப் புள்ளி. தாமதமாக வெளிப்பட்டது."

கூடை காலியாகத் திரும்பிப் போனது. அப்போதுதான் சோணையம்மாளுக்கே விஷயம் புரிந்தது. மையைக் கொட்டாங்குச்சியில் நிறையக் குழைத்து வைத்துக்கொண்டாள்.

"இது தப்பில்லையா சோணை?" என்றார் மாயக்கண்ணன்.

"நான் அதுக்குன்னு வச்சேனா? கண்ணுபடக் கூடாதுன்னு வச்சேன். படலைல்ல?"

மேலிடத்திலிருந்து துணை இயக்குநர் வந்தார். வந்து பார்த்தால் புள்ளி வலது கன்னத்தில் இருக்கிறது. அறிக்கையை எடுத்துப் பார்த்தார். இடது என்று இருக்கிறது. மண்டல ஆய்வாளருக்கு இடம் வலம் தெரியவில்லை, விளக்கம் தருக என்று அங்கேயே மெமோ கொடுத்துவிட்டுப் போனார். உத்தியோகத்துக்கு ஆபத்து வந்தால்தான் மனிதனுக்கு அறிவு வேலை செய்கிறது. விளக்கத்தில் மீனாட்சிசுந்தரம் இப்படி எழுதினார்: அடியேன் பார்த்தபோது இடது, தாங்கள் பார்த்தபோது வலது. இருவர் கண்ணும் அரசாங்கக் கண். ஆகவே இருவரும் தவறியிருக்க முடியாது. தவறாதபோது புள்ளிதான் நகர்ந்திருக்க வேண்டும்.

இந்த வாதத்தில் துணை இயக்குநருக்கும் கௌரவம் காப்பாற்றப்பட்டதால் அவர் ஏற்றுக்கொண்டார். உடனே கமிட்டி போட்டார்கள். கமிட்டி தினமும் ஜீப்பில் வந்து, அன்றைக்குப் புள்ளி எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதிக்கொண்டு போயிற்று. இரண்டு நாள் இடது, ஒரு நாள் வலது, மறுபடி இடது. அவசரத்தில் சோணையம்மாள் ஒரு நாள் நெற்றியில் வைத்துவிட்டாள். அன்றைக்குக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் கண்ணீர் விட்டார்.

நாட்டுச் சனம் சும்மா இருக்குமா? புள்ளி வலது பக்கம் வந்தால் மழை, இடது பக்கம் வந்தால் வெயில் என்று நெற்குப்பை ஊர் வரை பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் கருத்தரங்கம் நடந்தது. மீனாட்சிசுந்தரம் மேடையேறி ஒரு மணி நேரம் பேசினார்.

"ஜெர்மனியில் இந்தப் புள்ளி ஒரே இடத்தில் கிடந்தது. ஏன்? அங்கே குளிர். உறைந்துவிட்டது. நம் செம்மண்ணுக்கு வந்ததும் உருகி நகரத் தொடங்கிவிட்டது. எனக்கு முன்னால் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. காரணம், எனக்கு முன்னால் இது நடக்கவில்லை. முயலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று என்னைச் சிலர் கேட்கிறார்கள். நண்பர்களே, நான் இதற்கு முன் அச்சாபீஸில் இருந்தேன். அதற்கு முன் உப்பு இலாகாவில் இருந்தேன். எந்த இடத்திலும் தெரிந்துகொண்டு வேலை பார்த்ததில்லை. எந்த இடத்திலும் புகார் வந்ததில்லை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாயக்கண்ணனையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று முறை எழுந்து, "ஐயா, ஒரு சேதி" என்றார். மூன்று முறையும் பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தார்கள்.

இதுவரை விளையாட்டாகப் போயிற்று. பிறகுதான் வினை வந்தது. ஜெர்மனியில் ஒரு முயல் மாநாடு நடக்கப்போகிறது, அதில் நகர்புள்ளியைப் பற்றி நம் இயக்குநர் கட்டுரை படிக்கப்போகிறார், விமானச் சீட்டு வாங்கியாயிற்று என்று செய்தி வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. புள்ளி தோலுக்குமேல் நகர்கிறதா, தோலுக்குள் நகர்கிறதா என்று அங்கே கேட்பார்கள். எனவே இயக்குநரே நேரில் வந்து முயலைச் சென்னைக்கு எடுத்துப்போய், இரண்டு கன்னத்தையும் அறுத்துப் பார்ப்பார். பயனாளி முயலைக் குளிப்பாட்டி ஆயத்தமாக வைத்திருக்கவும்.

மாயக்கண்ணன் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் உச்சியில் நின்றது. வெள்ளை அவர் வேட்டி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இங்குட்டுப் போனா சட்டி, அங்குட்டுப் போனா கத்தி. பொட்டு வைக்கலைன்னா மிளகு அரைச்சிருவாக. வச்சா அறுத்துருவாக. என்ன சோணை பண்றது?"

சோணையம்மாள் வெள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, "நான் கேக்குறேன்" என்றாள்.

"என்னன்னு கேப்ப?"

"நீங்க பயனாளி, பேசக்கூடாது. நான் ஒண்ணும் பயனாளி இல்லையே. எனக்கு எவன் முயலு குடுத்தான்? நான் உண்மையைச் சொல்லி, ஆபீசருகிட்ட உசுரைக் கேட்டு வாங்கிக்கிறேன். பெரிய மனுசன், புள்ள குட்டிக்காரரு. இரங்க மாட்டாரா?"

மாயக்கண்ணனுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லப்போகிறோம் என்ற நினைப்பே அவருக்கு நெஞ்சைக் கொஞ்சம் இலேசாக்கியது.

இயக்குநர் வந்தார். மூன்று ஜீப். துணை இயக்குநர், மீனாட்சிசுந்தரம், கமிட்டி, மாதிரிப் படத்தோடு பெத்தன், படம் பிடிக்க ஒரு பத்திரிகைக்காரர், சுற்றி ஊர்ச்சனம். வெள்ளையைப் பட்டுத்துணி விரித்த மேசைமேல் வைத்தார்கள். அன்றைக்குப் புள்ளி இடது கன்னத்தில் இருந்தது. இயக்குநர் குனிந்து பார்த்தார். ஆசையோடு கட்டைவிரலால் ஒருதரம் தடவிக்கொடுத்தார்.

விரலை எடுத்தார். கன்னம் வெறும் வெள்ளை. புள்ளி அவருடைய கட்டைவிரலில் இருந்தது.

மீனாட்சிசுந்தரம் பக்கத்தில் இருந்த மாட்டைப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் விரலைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இது என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

சோணையம்மாள் முன்னால் வந்து கும்பிட்டாள். "மை சாமி. வெளக்கெண்ணெய் மை. நான்தான் வச்சேன். ஒங்க ஆளுக கண்ணு பட்டுச்சு, புள்ளைக்கு வயித்தால போச்சு. கூடப் பொறந்த நாலையும் கொண்டுபோயித் தின்னுபுட்டாக. இதையாச்சும் விட்டுருங்க சாமி. இதுல ஒரு அதிசயமும் இல்லை. இது வெறும் முயலு."

இயக்குநர் அவளைப் பார்த்தார். கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி மாதிரிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரர் காமிராவைக் கையில் எடுத்தார். இயக்குநரின் சட்டைப்பையில் விமானச் சீட்டின் நுனி வெளியே தெரிந்தது. அவர் கை ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

பிறகு அவர் குனிந்து, கட்டைவிரலை முயலின் வலது கன்னத்தில் வைத்து நிதானமாக அழுத்தி எடுத்தார்.

"புள்ளி நகர்ந்துவிட்டது. குறித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

கமிட்டி குறித்துக்கொண்டது. துணை இயக்குநர் நேரத்தையும் சேர்த்துக் குறித்தார். பத்திரிகைக்காரர் படம் பிடித்தார். கூட்டத்தில் ஒருவர், இன்றைக்கு மழை வரும் என்றார்.

மாயக்கண்ணனுக்கு அடக்கமுடியவில்லை. "ஐயா, அவ சொன்னது..."

"சொன்னதை வாரியம் பரிசீலித்தது" என்றார் இயக்குநர். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே சிறு உரை ஒன்று நிகழ்த்தினார். "உண்மை என்பது இரண்டு வகை. அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த உண்மை ஒன்று. வந்து சேராத உண்மை ஒன்று. முதல் உண்மை மேலே போய்விட்டது. அதைத் திருப்பி அழைக்க வழி இல்லை. இரண்டாவது தாமதமாக வந்திருக்கிறது. தாமதமாக வருவதை நாம் ஏற்பதில்லை. இன்னொன்று. இந்தப் புள்ளி இந்த மண்ணுக்கே உரியது. சென்னையில் இது நகராது. ஆகவே இந்த முயலை எடுத்துப்போகவோ அறுக்கவோ கூடாது என்று உத்தரவிடுகிறேன். இது இங்கேயே, இந்த அம்மாளின் கையிலேயே இருக்கட்டும்."

சோணையம்மாளுக்கு மற்றதெல்லாம் புரியவில்லை. அறுக்கக்கூடாது என்பது புரிந்தது. வெள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்த மாதம் ஜெர்மனியில் இயக்குநரின் உரையைக் கேட்டு எல்லோரும் வெகுநேரம் சிரித்தார்களாம். அதை நம் பக்கத்துப் பத்திரிகைகள், சபை மகிழ்ச்சியில் ஆரவாரித்தது என்று எழுதின. வாரியத்துக்கு ஒதுக்கீடு கூடிற்று. புள்ளி நகர்வு உதவியாளர் என்று புதிய பதவி ஒன்று உண்டாக்கி, இயக்குநரின் மைத்துனர் சோமுவை அதில் போட்டார்கள். சோமு தினமும் காலையில் சைக்கிளில் வருவான். நல்ல பையன்.

"அக்கா, இன்னைக்கி எந்தப் பக்கம் வைக்கலாம்?" என்பான்.

"நேத்து இடது. இன்னைக்கி வலதுல வையி. பையத் தொடு, கண்ணுல படாம" என்பாள் சோணையம்மாள்.

வைத்துவிட்டு, வலது என்று எழுதிக்கொண்டு, ஒரு செம்பு நீராகாரம் குடித்துவிட்டுப் போவான்.

இதற்கிடையில் தாய் முயல் அடுத்த ஈத்துப் போட்டது. நகர்புள்ளிக்குத்தான் பாதுகாப்பே தவிர, கழிப்பு விதி மாறவில்லை. பதவி உயர்ந்த மீனாட்சிசுந்தரம் திங்கட்கிழமை தணிக்கைக்கு வருகிறார் என்று சோமு சொல்லிவிட்டுப் போனான். இந்தத் தடவையும் கறுப்புக் குட்டிகள் இருந்தன. மூன்று. ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை விடிந்ததும் சோணையம்மாள் வாசலில் கோலம் போட்டாள். பச்சரிசி அரைத்த மாவுக்கோலம். போட்டு முடித்ததும் கிண்ணத்தில் மிஞ்சியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கிண்ணத்தோடு கொட்டத்துக்குள் போனாள்.

மாயக்கண்ணன் போய்ப் பார்த்தபோது அவள் ஒரு கறுப்புக் குட்டியை மடியில் கிடத்தி, கன்னத்தில் மோதிர விரலால் வெள்ளையாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அந்த நாலுக்கும் இப்படி ஒண்ணு வச்சிருந்தா இன்னைக்கி பெருசாகி ஓடியாடிக்கிட்டு இருந்திருக்கும். அப்பத் தோணாமப் போச்சே எனக்கு" என்றாள்.

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. மாயக்கண்ணன் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார்.

"ரெண்டு கன்னத்துலயும் வையி சோணை. ஒண்ணுல வச்சா நகந்துருச்சுன்னு இன்னொரு கமிட்டி வந்துரும்" என்று சொல்லி, அடுத்த குட்டியைத் தூக்கினார்.